ஒன்றரை ஷிப்டும் உச்சநேரமும்

திருப்பூர்ப் பக்கத்தில் 'பவர் டேபிள்' என்றொரு சொல் வழங்குகிறது. வெளியூர் நண்பர்கள் இதைக் கேட்டதும் ஏதோ அரசியல் பேச்சு என்று எண்ணிக்கொள்கிறார்கள். வெட்டிக் கொடுத்த பனியன் துணியைக் கூலிக்குத் தைத்துத் தரும் சிறு கூடங்களுக்கு இங்கே அதுதான் பெயர். ஒரு நீண்ட மேசை, அதன் அடியில் ஓர் இரும்புத் தண்டு, தண்டின் ஒரு முனையில் மோட்டார், தண்டிலிருந்து ஒவ்வொரு தையல் எந்திரத்துக்கும் ஒரு பெல்ட். காலால் மிதித்த எந்திரம் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய நாளில் அந்த மேசைக்கு வாய்த்த பெயர் இது. இப்போது தண்டும் இல்லை, பெல்ட்டும் இல்லை. எந்திரத்துக்கு எந்திரம் தனி மோட்டார் வந்துவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது. தமிழ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் என்பதால் இப்படித் தங்கிப்போன சொற்களைக் கண்டால் சற்று நின்று பார்ப்பது எனக்கு வழக்கம்.

இதே ஊரில் வழங்கும் இன்னொரு சொல் 'ஒன்றரை ஷிப்ட்'. காலை எட்டரைக்கு வேலைக்குப் போய் மாலை ஐந்தரைக்கு வந்தால் ஒரு ஷிப்ட். இரவு எட்டரை வரை இருந்தால் ஒன்றரை. நள்ளிரவைத் தாண்டி ஒரு மணி வரை நின்றால் இரண்டு. திருப்பூரில் ஒரு தொழிலாளியின் வாரச் சம்பளத்தைக் கேட்டால் அவர் நாட்கணக்கில் சொல்ல மாட்டார், "இந்த வாரம் ஒன்பது ஷிப்ட்" என்பார். ஆறு நாளில் ஒன்பது ஷிப்ட். எங்கள் பகுதியின் வாழ்க்கைக் கணக்கு இந்த அரையை நம்பித்தான் நடக்கிறது. வீட்டு வாடகையும் பள்ளிக்கூடக் கட்டணமும் முழு ஷிப்டில் அடங்கும். சீட்டு, நகை, ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் அந்த அரையில்.

மின்வாரியத்துக்கும் ஒரு கால அளவு உண்டு. அதன் பெயர் உச்சநேரம். மாலை ஆறு முதல் பத்து. திருப்பூரின் அரை ஷிப்டும் மின்வாரியத்தின் உச்சநேரமும் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடப்பதைக் கவனித்த நாளிலிருந்து, நகரங்களின் மின்தேவையை 'மேலாண்மை' செய்வது என்ற பேச்சை என்னால் வெறும் பொறியியல் பேச்சாகக் கேட்க முடியவில்லை. மின்சாரத்தைப் பங்கிடுகிறவர்கள் மெகாவாட்டில் பேசுகிறார்கள். பங்கு வாங்குகிறவர்களுக்கு அது பொழுதாகத்தான் வந்து சேர்கிறது. இந்தக் கட்டுரை அந்தப் பொழுதின் வரலாற்றைப் பற்றியது.

*

நான் குடியிருப்பது முதலிபாளையத்தில். நகரின் கிழக்கே, நொய்யலுக்கு அருகே, சிட்கோ தொழிற்பேட்டை அமைந்த ஊராட்சி. திருப்பூர் 1917-இல் நகராட்சியாயிற்று, 2008-இல் மாநகராட்சியாயிற்று, 2009-இல் மாவட்டத் தலைநகராயிற்று. 2011 கணக்கெடுப்பில், விரிவாக்கிய எல்லையோடு சேர்த்து, மக்கள்தொகை எட்டே முக்கால் இலட்சம். முதலிபாளையம் போன்ற ஊர்கள் இந்தக் கணக்குக்குள் வராமல், ஆனால் இந்த வளர்ச்சியின் சுமையைத் தாங்கிக்கொண்டு, ஓரத்தில் நிற்பவை. ஒரு பக்கம் சோளக்காடு, மறுபக்கம் நிட்டிங் கம்பெனி. இரண்டுக்கும் மேலே ஓடுவது ஒரே மின்கம்பி.

1925-ஐ ஒட்டிக் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து பின்னல் எந்திரம் கொண்டுவந்தார் என்பது திருப்பூரின் தொழில்வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் தொடக்கம். அன்றைய எந்திரங்கள் கையால் சுற்றப்பட்டவை. கிணற்றில் மாடு பூட்டிக் கவலை இறைத்தார்கள். விளக்கு மண்ணெண்ணெயில் எரிந்தது. மனிதனும் மாடும் எவ்வளவு நேரம் நிற்க முடியுமோ அவ்வளவுதான் வேலை.

மாற்றம் நீலகிரியிலிருந்து இறங்கியது. சென்னை மாகாண அரசின் சட்ட உறுப்பினராக இருந்த சி.பி. இராமசாமி ஐயர் ஊக்கம் காட்டிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் பணிகள் 1929-இல் தொடங்கி, 1932-இல் மின்சாரம் பிறந்தது. பைக்காரா ஆற்று நீரைக் குழாய் வழியே ஏறத்தாழ மூவாயிரம் அடி கீழே விழச்செய்து, சிங்காராவில் சுழலிகளை ஓட்டினார்கள். அங்கிருந்து கம்பி கோயமுத்தூருக்கு வந்தது.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அன்றைக்கு அரசுக்கு இருந்த கவலை மின்சாரம் போதாது என்பதல்ல, வாங்க ஆள் வேண்டும் என்பது. உலகமே பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்த ஆண்டுகள் அவை. மலையைக் குடைந்து பெரும்பணம் போட்டாகிவிட்டது. ஆற்று நீரோ யாரும் விளக்குப் போடாத நேரத்திலும் விழுந்துகொண்டிருக்கிறது. ஆகவே வாடிக்கையாளரைத் தேடிப் போனார்கள். ஆலைகள் வாங்கின. நீராவியில் ஓடிய சில ஆலைகளோடு நின்றிருந்த கோவை, முப்பதுகள் முடிவதற்குள் ஆலைநகரமாகிவிட்டது. அடுத்துக் கிணறுகளுக்குப் போனார்கள். 1937-இல் ஜி.டி. நாயுடுவும் து. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டியதைக் கோவைக்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்வார்கள். அந்த மோட்டாருக்குக் கைமேல் கிடைத்த சந்தை கொங்குநாட்டின் ஆழக்கிணறுகள்.

இந்த 'ஆள் தேடும்' கலை வெளியுலகில் அதற்கு முன்பே உருவானது. மின்சாரத்தை நெல்லைப் போலக் குதிரில் கொட்டி வைக்க முடியாது. கேட்கிற கணத்தில் உண்டாக்க வேண்டும். கல்யாண மண்டபத்துப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் நூறு பேர்தான் உண்கிறார்கள் என்றாலும், பகல் பன்னிரண்டரைக்கு ஐந்நூறு பேர் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால், ஐந்நூறு இலைக்கும் இடம் கட்டித்தான் ஆகவேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்த இடம் காலி. மின்நிலையத்தின் செலவும் இப்படித்தான். இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் ஆர்தர் ரைட் என்பவர் மொத்தப் பயன்பாட்டோடு நில்லாமல், ஒருவர் ஒரே நேரத்தில் அதிகபட்சம் எவ்வளவு இழுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளும் கருவியைச் செய்து, அதற்கேற்பக் கட்டணம் வாங்கினார். 1894-இல் அதைப் பார்த்துவிட்டுப் போன சாமுவேல் இன்சல் சிகாகோவில் அதையே பெருந்தொழிலாக்கினார். இரவில் விளக்கு, பகலில் ஆலை, காலையிலும் மாலையிலும் டிராம் வண்டி என்று வெவ்வேறு நேரத்தில் பசிக்கும் வாடிக்கையாளர்களைச் சேர்த்தால் பந்தி நாள் முழுதும் நிறைந்திருக்கும் என்பது அவர் கண்ட சூத்திரம். இன்றைக்குத் 'தேவை மேலாண்மை' என்று பெரிய பெயரில் சொல்லப்படுவதன் மூத்த வடிவம் இது. அதன் தொடக்க நோக்கம் தேவையைக் குறைப்பது அன்று, பரப்புவது.

எங்கள் துறைக்காரர்களுக்கு இதில் ஒரு வியப்பு இருக்கிறது. நாளைச் சிறுபொழுதுகளாகப் பகுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வை உரிமையாக்கிய மரபு நம்முடையது. (சிறுபொழுது ஐந்தா ஆறா, எற்பாடு என்பது எந்த வேளை என்ற வழக்கை உரையாசிரியர்களிடமே விட்டுவிடுகிறேன்.) மாலை முல்லைக்கு, யாமம் குறிஞ்சிக்கு, வைகறை மருதத்துக்கு. மின்பொறியாளரும் நாளைப் பகுக்கிறார். அவர் கையில் மாலையும் காலையும் உச்சம், யாமம் தள்ளுபடி. காத்திருப்புக்கு உரிய மாலைப்பொழுதே அவருக்கும் மிகக் கடினமான பொழுதாக அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசை விழித்துக்கொள்கிறது.

*

ஆள் தேடிய காலம் எவ்வளவு விரைவில் முடிந்தது என்பதற்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய இடத்தில் சாட்சி இருக்கிறது. பெருமாநல்லூர். சென்னை மாநில மின்வாரியம் 1957-இல் அமைந்தபின் கிணறுகளுக்கு இணைப்புக் கொடுப்பது பெரும் இயக்கமாக நடந்தது. கவலை மாடுகள் சந்தைக்குப் போயின. ஒரு தலைமுறைக்குள் கொங்கு விவசாயியால் மின்சாரம் இல்லாமல் பயிர் செய்ய முடியாது என்ற நிலை வந்துவிட்டது. அப்போது கட்டணம் உயர்ந்தது. யூனிட்டுக்குச் சில பைசாதான். ஆனால் இறைப்பவனுக்கு அது பைசாக் கணக்காகத் தெரியவில்லை. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் திரண்ட உழவர்கள்மீது காவல்துறை சுட்டதில் மூவர் இறந்தனர். இரண்டாண்டு கழித்து, 1972-இல், நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை நகரையே மாட்டுவண்டிகளால் அடைத்தார்கள்.

என் அப்பாரு அந்த வண்டிகளில் ஒன்றில் போனவர். மாட்டை விற்றுவிட்டு மோட்டார் வாங்கியவர், மோட்டாருக்காகப் போராட இரவல் மாட்டைப் பூட்டிக்கொண்டு போனதாக ஆத்தா சொல்லிச் சிரிப்பார்.

1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. கட்டணத்தால் தேவையைக் கட்டும் வழி அங்கே அடைபட்டது. மீதமிருந்த வழி நேரம் ஒன்றுதான். மும்முனை மின்சாரம் பகலில் சில மணி, இரவில் சில மணி, ஊருக்கு ஊர் முறைவைத்து. நள்ளிரவில் அலாரம் வைத்து எழுந்து, டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, மோட்டாரைப் போட்டுவிட்டு வருவது எங்கள் வீட்டிலும் வழக்கமாயிற்று. காசு வாங்காத மின்சாரத்துக்கு உழவர் வீடுகள் தூக்கத்தைக் கொடுத்தன. இதை யாரும் 'மேலாண்மை' என்று அழைத்ததாக எனக்கு நினைவில்லை.

இந்த உழவர் வீடுகளிலிருந்துதான் பனியன் கம்பெனி முதலாளிகள் பலர் வந்தார்கள். கவுண்டர் சமூகத்து உழவர்கள் தொழிலாளியாகச் சேர்ந்து முதலாளியான இந்த வரலாற்றைச் சரத் சாரி 2004-இல் ஆங்கிலத்தில் விரிவான நூலாகவே எழுதியிருக்கிறார். ஆகவே கிணற்று மோட்டாருக்கும் தையல் மோட்டாருக்கும் நடந்த போட்டியை உழவர் எதிர் தொழில் என்று பிரித்துப் படிப்பவர்கள் எங்கள் ஊரைப் பார்க்காதவர்கள். ஒரே வீட்டில் அண்ணன் தோட்டத்தில் மும்முனைக்குக் காத்திருப்பார், தம்பி கம்பெனியில் அதே கம்பியைத் திட்டிக்கொண்டிருப்பார்.

*

எழுபதுகளின் இறுதியில் ஐரோப்பாவுக்குப் பனியன் போகத் தொடங்கியபின் திருப்பூர் வளர்ந்த கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் கடந்துபோகிறேன். நேராக 2008-க்கு வருகிறேன்.

அவ்வாண்டு நவம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் உயர்மின்னழுத்த இணைப்புப் பெற்ற ஆலைகளுக்குக் 'கட்டுப்பாடும் ஒழுங்கும்' நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கீட்டில் பெரும்பகுதி வெட்டப்பட்டது. மாலை ஆறு முதல் பத்து வரையான உச்சநேரத்தில் விளக்குக்கும் காவலுக்கும் போதுமான அளவு தவிர இழுக்கக் கூடாது. சிறு இணைப்புகளுக்கு இந்தச் சட்டம் இல்லை. அவற்றுக்கு நேரடியாகக் கம்பியே அணைந்தது. இந்தக் கட்டுப்பாடு முழுவதுமாக விலகியது 2015 ஜூனில். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள்.

காரணங்கள் பல. தேவை ஏறிய வேகத்துக்கு நிலையங்கள் எழவில்லை. மேட்டூரிலும் வடசென்னையிலும் வல்லூரிலும் கட்டப்பட்டவை தாமதமாயின. கூடங்குளத்தின் முதல் அலகு 2013 அக்டோபரில்தான் மின்தொகுப்போடு இணைந்தது. வாரியம் கடனில் மூழ்கியிருந்தது. வடக்கே மின்சாரம் விலைக்குக் கிடைத்தாலும் கொண்டுவர வழியில்லை, ஏனென்றால் தென்னகத் தொகுப்பு தேசியத் தொகுப்போடு ஒருங்கிணைந்து ஓடத் தொடங்கியதே 2013 டிசம்பர் 31 அன்று, ராய்ச்சூர்-சோலாப்பூர் தடம் முடிந்தபின். (அப்படித் தனித்து நின்றதால்தான் 2012 ஜூலை இறுதியில் வட இந்தியா முழுவதும் இருண்டபோது தெற்கு தப்பியது. தீவாக இருப்பதில் இரண்டும் உண்டு.) 2012-இல் மாநிலத்தின் தேவைக்கும் இருப்புக்கும் இடையே சுமார் நாலாயிரம் மெகாவாட் பள்ளம். அந்தப் பள்ளம் எல்லோருக்கும் சமமாக வெட்டப்படவில்லை. தலைநகருக்கு இரண்டு மணி நேர வெட்டு. எங்களுக்கு முதலில் எட்டு மணி நேரம், அவ்வாண்டு இறுதியில் பன்னிரண்டையும் தாண்டியது. சென்னை நண்பர்கள் தொலைபேசியில் "எங்களுக்கும் ரெண்டு மணி நேரம் போகுது சார்" என்று ஆறுதல் சொல்வார்கள். பதில் சொல்லும்முன் என் கைப்பேசி அணைந்துவிடும்.

பின்னல் எந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் துணியில் கோடு விழும். சாயத்தொட்டியில் துணி வெந்துகொண்டிருக்கும்போது நின்றால் நிறம் மாறும். அந்த 'லாட்' முழுவதும் வேறு நிறத்துக்கு, பெரும்பாலும் கறுப்புக்கு, போகும். ஆகவே பெரிய கம்பெனிகள் டீசல் ஜெனரேட்டர் வைத்தன. அதில் யூனிட்டுக்கு ஆகும் செலவு வாரிய மின்சாரத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. சிட்கோ தெருக்களில் மாலைநேரத்துக் குருவிச் சத்தத்தை நான் கடைசியாகக் கேட்டது 2008-க்கு முன்தான் என்று சொன்னால் மிகையென்பார்கள். ஆனால் அந்த ஆண்டுகளில் ஆறு மணி ஆனால் தெருவின் இரு மருங்கும் உறுமத் தொடங்கும் என்பது மிகையல்ல.

பவர் டேபிள்காரர்களுக்கு ஜெனரேட்டர் கட்டுப்படியாகாது. அவர்கள் காத்திருந்தார்கள். உண்மையில் காத்திருந்தவர்கள் தைப்பவர்கள். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவருக்கு எந்திரம் ஓடாத நேரத்துக்குக் கூலி இல்லை. பகலில் நான்கு மணி நேரம் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு பத்துக்கு மேல் வெளிச்சம் வந்ததும் உள்ளே போய், விடிய விடியத் தைத்தார்கள். அரை ஷிப்ட் மாலையிலிருந்து யாமத்துக்கு நகர்ந்தது. மாநிலத்தின் மின்தேவை வரைபடத்தில் மாலைக் கூம்பு சற்றுச் சரிந்திருக்கும். அதைச் சரித்தவர்களின் கண்ணை நான் காலை வகுப்பில் பார்த்தேன்.

2012-இல் இளங்கலை இரண்டாமாண்டில் ஒரு மாணவன். மாலையில் ஓவர்லாக் தைத்துப் படிப்புக்குப் பணம் சேர்ப்பவன். நன்னூல் வகுப்பில் தினமும் தூங்கினான். ஒருநாள் எழுப்பிக் கடிந்துகொண்டேன். எழுந்து நின்று, "அய்யா, நேத்து ரண்டு மணிக்குத்தானுங்க கரண்டு வந்துது" என்றான். மன்னிப்புக் கேட்கும் குரல்கூட இல்லை அது. மழை பெய்தது என்பதுபோல ஒரு தகவல். எனக்குச் சொல்லப் பதில் இருக்கவில்லை. அவன் அந்தப் பருவத்தில் இரண்டு தாள் தோற்றான். பின்னால் எழுதித் தேறினானா என்று கேட்டறிய எனக்கு வாய்க்கவில்லை. தேறாமல் போனவர்களின் கணக்கு எந்த மின்வாரிய ஆவணத்திலும் ஏறுவதில்லை.

*

பற்றாக்குறையைப் பொழுதாகப் பங்கிட்டவர்கள் நாம் மட்டும் அல்லர். இரண்டாம் உலகப்போரின்போது, 1942 முதல் 1945 வரை, இந்தியா முழுவதும் கடிகாரங்களை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். நிலக்கரித் தட்டுப்பாட்டால் 1974 தொடக்கத்தில் பிரிட்டன் இரண்டு மாதத்துக்குமேல் வாரத்தில் மூன்றே நாள் தொழில்களுக்கு மின்சாரம் தந்தது. 2011-இல் புகுஷிமா விபத்துக்குப்பின் ஜப்பானியக் கார் நிறுவனங்கள் அந்தக் கோடையில் சனி, ஞாயிறுகளில் வேலை செய்து வியாழன், வெள்ளிகளில் விடுமுறை விட்டன. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளி இல்லை, பெற்றோருக்கு வேலை. குழந்தைகளை எங்கே விடுவது என்ற கேள்வி அங்கும் எழுந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஜப்பானில் இன்ன மாதம் தொடங்கி இன்ன மாதம் முடியும் என்று சொல்லிவிட்டுச் செய்தார்கள். இங்கே அறிவித்த வெட்டைவிட அறிவிக்காத வெட்டு மிகுதி. எத்தனை மணி நேரம் போகும் என்பதைவிட எப்போது போகும் என்பது தெரியாததே எங்களை வாட்டியது. பன்னிரண்டு மணி நேரம் இருக்காது என்று முன்கூட்டித் தெரிந்தால் மீதிப் பன்னிரண்டில் சமைக்கலாம், தைக்கலாம், தூங்கலாம். தெரியாதபோது இருபத்துநான்கு மணி நேரமும் காத்திருப்பாகிவிடுகிறது. அந்த ஆண்டுகளின் நிர்வாகத் தோல்வி மின்சாரம் இல்லாததில் இல்லை, அட்டவணை இல்லாததில் இருந்தது என்பது என் முடிவு. இதை ஏற்காத பொறியாளர் நண்பர்கள் எனக்கு உண்டு. அதிர்வெண் சரியும் கணத்தில் எந்தக் கம்பியை அணைப்பது என்று தீர்மானிக்க வேண்டியவனிடம் அட்டவணை கேட்காதே என்பார் ஒருவர்.

கொங்குநாடு கையைக் கட்டிக்கொண்டும் இருக்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வைகாசியில் தொடங்கிப் புரட்டாசி வரை வீசும் மேல்காற்றுக்குப் பழந்தமிழில் கோடை என்று பெயர். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அந்தக் கோடைக்குக் காற்றாலைகள் நின்றன, திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் பலருடையவை உட்பட. காற்று அடிக்கும் மாதத்தில் உண்டாக்கிய மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் 'போட்டு வைத்து' அடிக்காத மாதத்தில் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. வங்கிபோலத்தான். ஆனால் முன்பே சொன்னதுபோல மின்சாரம் குதிரில் தங்காது. போட்டவர் கேட்கும்போது வங்கியில் சரக்கு இல்லை. ஆடியில் காற்று உச்சமாய் அடிக்கையில் எடுத்துச் செல்லக் கம்பித்தடம் போதாமல் ஆலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு, ஐப்பசியில் ஊர் இருண்ட நாட்களும் உண்டு.

இன்னொரு முரணையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நொய்யல் மாசுபட்டதற்காக 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத முறைக்கு மாறினால் மட்டும் திறக்கலாம். அந்தத் தீர்ப்பு நியாயமானது, தாமதமாக வந்தது என்பதே என் எண்ணம். ஆனால் சாயநீரைச் சவ்வுகளின் ஊடே அழுத்தி வடிகட்டி, மிச்சத்தை ஆவியாக்கி உப்பாக எடுப்பதற்கு மின்சாரம் ஏராளமாக வேண்டும். ஆற்றைக் காக்க மின்சாரம் தேவைப்பட்ட அதே ஆண்டுகளில் மின்சாரம் இல்லை. நகரம் தன் அழுக்கை ஆற்றிலிருந்து எடுத்து மின்கட்டணச் சீட்டில் வைத்துக்கொண்டது என்று சொல்லலாம்.

*

இப்போது நிலைமை வேறு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மாநிலம் இருளவில்லை. பெரும்பாலோர் அதைக் கவனிக்கவும் இல்லை. மாநிலத்தின் சூரிய மின்திறன் பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சிட்கோவின் கூரைகளில் பாதி பலகைகளாக மின்னுகின்றன. 2024-25-இல் திருப்பூரின் ஏற்றுமதி நாற்பதாயிரம் கோடி ரூபாயை ஒட்டி வந்தது. தையல்கூடங்களில் ஓசையில்லாமல் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. முன்பிருந்த கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். கூடத்துக்குள் நுழைந்தால் கேட்கும் அந்த ரீங்காரம், பாதிக்குமேல் வீணாகச் சுற்றும் ஓசைதான். இப்போது வந்திருக்கும் சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் மின்சாரம் எடுக்கும். தேவையை உண்மையிலேயே குறைத்த செயல் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன். யாருடைய பொழுதையும் பிடுங்காமல் குறைத்தது அது ஒன்றுதான்.

ஆனால் உச்சநேரம் போய்விடவில்லை. முன்பு கம்பியை அணைத்துச் செய்ததை இப்போது கட்டணத்தால் செய்கிறார்கள். 2022 செப்டம்பர் கட்டண உயர்வில் காலை ஆறு முதல் பத்து, மாலை ஆறு முதல் பத்து ஆகிய நேரங்களுக்கு 25 விழுக்காடு கூடுதல் என்றாயிற்று. சிறு தொழில்களும் அதில் சிக்கின. 2023 செப்டம்பரில் மாநிலமெங்கும் குறு, சிறு தொழில்முனைவோர் ஒருநாள் கதவடைத்தபின் அரசு ஓரளவு குறைத்தது. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விதித்திருத்தமோ, வெயில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்குக் கட்டணத்தைக் குறைக்கவும் மாலையில் உயர்த்தவும் சொல்கிறது. பகலில் சூரிய மின்சாரம் பெருகிக் கிடக்க, பொழுது சாய்ந்ததும் அது ஒரேயடியாக வடிந்துவிடுவதால் வந்த ஏற்பாடு. கணக்குப்படி இதில் குற்றம் காண முடியாது. இன்சல் இருந்தால் மெச்சியிருப்பார்.

எங்கள் தெருவில் பதினாறு எந்திரங்களோடு பவர் டேபிள் நடத்துபவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சென்ற மாதம் ஒரு மாலை அவர் கூடத்து வாசலில் பேசிக்கொண்டிருந்தோம். காலை ஏழுக்குத் தொடங்கி நாலரைக்கு முடித்துவிட்டால் மாலை உச்சநேரத்தைத் தொடவே வேண்டாம், மேற்கூரையில் பலகை போட்டால் கடனும் அடையும் என்று ஒரு பழைய டைரியில் எழுதிக் காட்டினார். நல்ல யோசனைதான், எல்லோருக்கும் மாலையாவது மிஞ்சுமே என்றேன் நான். உள்ளே பேட்லாக் எந்திரத்தில் இருந்த அம்மாள், திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து பதினெட்டு ஆண்டுகளாக இங்கே தைப்பவர், தலையைத் திருப்பாமல், "அரை ஷிப்ட எடுத்துட்டா சீட்டுக் காசு யாருங்க சார் குடுப்பாங்க?" என்றார்.

அவர் டைரியை மூடி எந்திரத்தின்மேல் வைத்தார். அந்தக் கூடத்தில் இப்போதும் வேலை எட்டரைக்குத்தான் முடிகிறது.